டப்பா பவுடர், பால்வாடி சத்துமாவு, வீட்டு மாவு, சட்டிச் சோறு: ஒரு வயசுக் குழந்தைக்கு எது?

என் தங்கச்சி பையனுக்கு 14 மாசத்துல பால்வாடில எடை போட்டப்போ 7.4 கிலோ. டீச்சர் வளர்ச்சி அட்டையில புள்ளி வச்சாங்க, அது பச்சையைத் தாண்டி கீழ மஞ்சள்ல விழுந்துச்சு, அதாவது வயசுக்கு எடை கம்மி. நாங்க பென்னாகரம் பக்கம், தங்கச்சி காலையில களையெடுக்கப் போனா சாயந்திரம்தான் வருவா, பகல்ல எங்கம்மாதான் பிள்ளையைப் பாத்துக்கும். மஞ்சள்னு தெரிஞ்ச அன்னைக்கே ஆளுக்கொரு யோசனை, மெடிக்கல்ல பால்ல கலக்கற பவுடர் டப்பா ஒண்ணைக் காட்டினாங்க, டீச்சர் சத்துமாவை ஒழுங்கா குடுங்கன்னாங்க, சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல 21 பொருள் போட்ட மாவு லிஸ்ட் அனுப்பினா, அம்மா "நம்ம திங்கறதையே கரைச்சு ஊத்துனா போதும், நீங்கல்லாம் அப்படித்தான வளந்தீங்க"ன்னுச்சு. நாலையும் வாங்கி செஞ்சு ஊட்டிப் பாத்துட்டுதான் இதை எழுதறேன்.

முதல்ல டப்பா. தங்கச்சி வீட்டுக்காரர் ஆசையா வாங்கிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து திருப்பிப் பாத்தா 2 வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்குன்னு பொடி எழுத்துல இருக்கு, 100 கிராமுக்கு சர்க்கரை மட்டும் 30 கிராமுக்கு மேல. பிள்ளை விரும்பிக் குடிக்குது, இல்லேங்கல, ஆனா இனிப்புன்னாதான் குடிக்குது. பால்ல ரெண்டு ஸ்பூன் கலந்து குடுக்கற டம்ளர்ல புரதம்னு இருக்கறதுல பெரும்பங்கு அந்தப் பாலோடது, பவுடரோடது இல்ல. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைக்காரங்களைக் கூப்பிட்டு இந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பிரிவுல இருந்து எடுங்கன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. எங்க ஊர்க்கடை விலைக்கு ஒரு டப்பா காசுல ஒரு அட்டை முட்டை, அதாவது 30 முட்டை வாங்கலாம். கூலி வேலை செய்யற வீட்டுல அந்தக் காசு டப்பாவுக்குப் போச்சுன்னா அந்த மாசம் முட்டையும் பருப்பும்தான் குறையும், அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அடுத்தது பால்வாடி சத்துமாவு. இதைப் பத்தி எங்க ஊர்ல நல்ல பேரு இல்ல, வெளிப்படையா சொல்றேன், மாட்டுக்குக் கரைச்சு ஊத்தற வீடுங்க இருக்கு. ஆனா அதுல கோதுமை, மக்காச்சோளம், கடலைப்பருப்பு, வெல்லம், முளைகட்டின கேழ்வரகு, அதோட வைட்டமின் தாது உப்பு எல்லாம் சேத்திருக்கு. 6 மாசத்துக்கு மேல உள்ள பிள்ளைக்கு பால்வாடித் திட்டத்துல தினம் இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் குடுக்கணும்னு அளவே வச்சிருக்காங்க, அதுவும் இலவசமா. அதைத் தூக்கிப் போடறதுக்கு காரணம் ருசி ஒண்ணுதான். கஞ்சியா காய்ச்சினா எங்க பையனும் துப்பினான். கொஞ்சம் நெய் விட்டு வறுத்து, வேர்க்கடலை பொடிச்சுப் போட்டு, சுடுதண்ணி தெளிச்சு சின்னச் சின்ன உருண்டையா பிடிச்சு, அதை நல்லா மசிச்சுக் குடுத்தேன், ரெண்டு உருண்டை போச்சு. கொழுக்கட்டையும் நல்லா வருது.

வீட்டு மாவு. 21 பொருள் லிஸ்ட்ல பாதாம் பிஸ்தா முந்திரி எல்லாம் இருந்துச்சு, நான் எதையும் வாங்கல. கேழ்வரகு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, அவ்வளவுதான். நம்ம கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு, அரிசில அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா முளைகட்டறதை மட்டும் விடாதீங்க, ராத்திரி ஊறவச்சு துணில கட்டித் தொங்கவிட்டு வெள்ளையா முளை எட்டிப் பாத்ததும் காயவச்சு லேசா வறுக்கணும், கருக வறுத்துட்டா முளைகட்டினதே வீண். ஏன்னா முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கற ஒரு நொதி உண்டாகுது, அதனால கஞ்சி காய்ச்சும்போது மாவு அதிகமா போட்டாலும் கட்டியாகாம இளகி நிக்கும், பிள்ளை சுலபமா முழுங்கும். அரைக்கப் போகும்போது ஒண்ணு கவனிங்க, மிஷின்ல நமக்கு முன்னாடி மிளகாய் அரைச்சிருந்தா முதல் ரெண்டு கை மாவை தனியா எடுத்துடுங்க, எனக்கு முதல் தடவை மாவு முழுக்க காரம் ஏறி பையன் அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு.

இங்கதான் எங்கம்மாவோட "கரைச்சு ஊத்து"ங்கறது தப்பாப் போகுது. 7 கிலோ பிள்ளைக்கு வயிறு ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் பிடிக்கும். தண்ணியா ரெண்டு ஸ்பூன் மாவு கரைச்சா 80 கலோரி கூட வராது, ஆனா வயிறு ரொம்பிடும். ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு தாய்ப்பால் போக சாப்பாட்டுல இருந்து மட்டும் தினம் 550 கலோரி கிட்ட வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப எத்தனை டம்ளர் ஊத்தறது? கெட்டியா இருக்கணும், ஸ்பூனைச் சாய்ச்சா சட்டுன்னு வழியக்கூடாது, ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டா அதுலயே 40 கலோரி வந்துடும்.

ஆனா அம்மா சொன்னதுல பாதி நிஜம், நாலுலயும் எனக்கு முதல் இடம் சட்டிச் சோறுதான். நாங்க சாப்பிடற பருப்புல காரம் போடறதுக்கு முன்னாடியே ஒரு கரண்டி எடுத்து வச்சு, சோத்தோட நல்லா மசிச்சு, முருங்கைக்கீரை சேத்து, மேல எண்ணெய், தினம் ஒரு முட்டை. ஞாயித்துக்கிழமை கோழி எடுத்தா ஈரலை அவனுக்கு நல்லா வேகவச்சு மசிச்சுடுவோம். மாவு எதுவா இருந்தாலும் அதுல உள்ள இரும்புச்சத்து உடம்புல கொஞ்சமாத்தான் ஒட்டும், ஈரல்ல இருக்கறது நல்லா ஒட்டும். தேசிய குடும்ப நல ஆய்வுல (2019-21) தமிழ்நாட்டுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள உள்ள பிள்ளைகள்ல 57 சதவீதத்துக்கு ரத்தசோகை, அதுக்கு முந்தின ஆய்வுல 51 தான், கூடியிருக்கு. படிச்சப்போ மனசே கேக்கல.

இன்னொரு போட்டியாளரைச் சொல்லாம விட்டா இந்த அலசல் முழுசாகாது, அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் டீயும். பதினோரு மணிக்கு பிள்ளை சிணுங்கினா அம்மா கடையில இருந்து ஒரு பாக்கெட் சிப்ஸ் வாங்கிக் குடுத்துடும், இல்லேன்னா டீல பன் நனைச்சுக் குடுக்கும், பாசத்துலதான். ஒரு மணிக்கு சோறு வச்சா வாயே திறக்க மாட்டான். டீயில இருக்கற துவர்ப்பு இரும்புச்சத்தையும் உடம்புல சேரவிடாது. இதை நிறுத்தறதுக்கு நானும் அம்மாவும் ஒரு வாரம் பேசிக்கல. கடைசியில பதினோரு மணிக்கு சத்துமாவு உருண்டையும் வாழைப்பழமும்னு முடிவாச்சு, அம்மாவே இப்ப உருண்டை பிடிக்குது.

ஒரு விஷயம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல கையைச் சுத்தி அளக்கற டேப் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ காட்டினாலோ, பாதம் ரெண்டும் வீங்கியிருந்தாலோ இந்த நாலுல எதையும் யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது வைத்தியம் பாக்க வேண்டிய நிலைமை. எங்க பையனுக்கு 12.2 இருந்துச்சு, அதனாலதான் வீட்டுலயே பாத்தோம்.

இப்ப 18 மாசம். போன வாரம் 8.6 கிலோ. இன்னும் மஞ்சள்தான், பச்சைக் கோட்டுக்கு 200 கிராம் பாக்கி. அம்மா இப்பவே அடுத்த மாசம் எடை போடற தேதி என்னன்னு ரெண்டு தடவை கேட்டுடுச்சு.