பாரிஸ் விமான நிலையத்தில் ‘பேபி சீட் இருக்கு’ என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள்

பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, கட்டடத்துக்கு உள்ளேயே நின்று ‘டாக்சி, டாக்சி’ என்று கூப்பிடும் யாரோடும் போகாதீர்கள். கோட்டு போட்டிருந்தாலும் சரி, கழுத்தில் அட்டை தொங்கினாலும் சரி, கையில் குழந்தை சீட்டே வைத்திருந்தாலும் சரி. எங்களிடம் 180 யூரோ பறித்தார்கள். அந்தப் பயணத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 56 யூரோ.

நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. சென்னையில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, இரண்டு பேரும் தூக்கம் கெட்டுப்போய் இருந்தார்கள். ஸ்ட்ரோலர் மற்ற பெட்டிகளோடு வராமல் தனியாக வேறொரு இடத்தில் வந்தது, அதற்காக வேறு காத்திருந்தோம். வெளியே வந்தபோது சின்னவள் என் தோளில், பெரியவன் ‘கால் வலிக்குது’ என்று அப்பாவின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஆள் நேராக எங்களிடம்தான் வந்தார். எங்களுக்கு முன்னால் தனியாகப் போன பயணிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல ஆங்கிலம். ‘வெளியே டாக்சி வரிசை ஒரு மணி நேரம். குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த டாக்சிகளில் பேபி சீட்டும் இருக்காது. என்னிடம் இருக்கிறது, விலையும் அரசு விலைதான்’ என்றார். கையிலிருந்த டேப்லெட்டில் கட்டணப் பட்டியலும் காட்டினார். அதில் 56 என்று இருந்தது, நானே பார்த்தேன்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை, அதனால்தான் இந்த வலையில் பெற்றோர்கள் விழுகிறார்கள். பிரான்சில் காரில் போகும் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், ஆனால் டாக்சிகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. வரிசையில் நிற்கும் டாக்சியில் குழந்தை சீட் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிற அம்மாவைத்தான் அந்த ஒரு வார்த்தையை வைத்து இழுக்கிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த ஆத்திரம்.

எங்களை டாக்சி வரிசைப் பக்கம் கூட்டிப்போகவில்லை. லிஃப்டில் இறக்கி, கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். கறுப்பு நிறக் கார், கூரையில் விளக்கு இல்லை, உள்ளே மீட்டர் இல்லை. சீட் இருந்தது. அதன் பெல்ட்டில் ஒரு கொக்கி உடைந்து, துணி நாடாவால் முடிச்சுப் போட்டிருந்தது. மகளை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஹோட்டல் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பத்தாவது வட்டாரத்தில். வாசலில் நிறுத்திவிட்டு, போனில் ஒரு கணக்கைக் காட்டினார்: 56 தலைக்கு, நான்கு பேருக்கு 224, அதன் மேல் பெட்டிக்குத் தனி, ஸ்ட்ரோலருக்குத் தனி, குழந்தை சீட்டுக்குத் தனி. மொத்தம் 270 யூரோவுக்கு மேல். டிக்கியைத் திறக்கவில்லை. பாஸ்போர்ட் பை தவிர எல்லாமே அதற்குள். கணவர் குரலை உயர்த்தினார், அவர் அதைவிட உயர்த்தினார். பெரியவன் பயந்து அழ ஆரம்பித்தான். கடைசியில் ‘சரி, உங்களுக்காக 180’ என்று இறங்கி, சின்ன கார்டு இயந்திரத்தை நீட்டினார். கொடுத்துவிட்டுப் பெட்டிகளை இறக்கினோம். ரசீது கேட்டதற்கு ‘மெயிலில் வரும்’ என்றார். வரவில்லை.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொன்னதும், பிறகு நாங்களே படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். சார்ல் தெ கோலிலிருந்து பாரிஸ் நகருக்குள் உரிமம் பெற்ற டாக்சிக்கு நிலையான கட்டணம். 2025 நிலவரப்படி செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. ஓர்லி விமான நிலையத்திலிருந்து வலக்கரைக்கு 45, இடக்கரைக்கு 36. இது காருக்கு, தலைக்கு அல்ல. இரவு, ஞாயிறு, நெரிசல் எதுவானாலும் அதே கட்டணம். பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது. ஐந்தாவதாக ஒருவர் ஏறினால் மட்டும் சிறு கூடுதல் தொகை உண்டு. கார்டு வாங்கியே ஆக வேண்டும். 25 யூரோவுக்கு மேல் போனால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மையான டாக்சியின் கூரையில் ‘டாக்சி பாரிசியன்’ என்று எழுதிய விளக்கு இருக்கும், காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. முன்பக்க வலது கண்ணாடி அருகே உரிம எண் இருக்கும். முக்கியமாக, அந்த ஓட்டுநர்கள் கட்டடத்துக்குள் வந்து ஆள் பிடிக்க மாட்டார்கள். அப்படிப் பிடிப்பது அங்கே குற்றம். ‘டாக்சி’ என்று எழுதிய பலகையைப் பார்த்து வெளியே வரிசைக்குப் போங்கள். வரிசை நீளமாகவே இருந்தாலும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். குழந்தை சீட் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பே டாக்சி நிறுவனத்தின் ஆப்பில் சீட்டோடு முன்பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால், பெரிய பிள்ளைக்கு மடிக்கிற பூஸ்டர் (உயரம் கூட்டும் இருக்கை) ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் இருக்கும் வடக்கு ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம்தான். 2025-இல் பெரியவர்களுக்கு 13 யூரோ, நான்கு வயதுக்குக் கீழே இலவசம். பெட்டி குறைவாக இருந்தால் நல்ல வழி. ஆனால் பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. ஸ்ட்ரோலரையும் பெட்டியையும் படியில் தூக்கும் நேரத்தில்தான் பிக்பாக்கெட் பக்கத்தில் வருவான். அப்புறம், டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நாவிகோ கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேர் போக முடியாது, டிக்கெட் தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் தனிக் கார்டு வேண்டும். வெளியே வரும்வரை அதைத் தொலைக்காதீர்கள், பரிசோதகர்கள் வெளியேறும் இடத்திலும் நிற்பார்கள்.

மறுநாள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் இடியாப்பம் சாப்பிடப் போனோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கதையைக் கேட்டுவிட்டு, ‘தங்கச்சி, உள்ளுக்க வந்து கூப்பிடுறவனோட ஒருநாளும் போகக்கூடாது. பிள்ளையளோட வாற ஆக்களைத்தான் அவங்கள் பிடிக்கிறது’ என்றார். பிள்ளைகளுக்கு வைத்த சொதிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

குழந்தைகளைக் குறிவைப்பது விமான நிலையத்தோடு முடிவதில்லை. மோன்மார்த்ர் குன்றில் சக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிகளின் அடியில் குதிரை ராட்டினம் இருக்கிறது, பிள்ளைகள் அதை விட்டு நகராது. அங்கேயே வண்ண நூல் வைத்துக்கொண்டு சிலர் நிற்கிறார்கள். என் மகனின் விரலைப் பிடித்து, சிரித்துக்கொண்டே நூலைப் பின்ன ஆரம்பித்தார் ஒருவர். முடிந்ததும் காசு கேட்பார், நூல் எளிதில் கழலாது. நான் பாதியிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன், பின்னால் கத்தினார், அவ்வளவுதான். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குன்றின் மேல் ஏற்றிவிடும் ஃபனிக்குலர் என்ற கம்பிவட ரயில் பக்கமாகப் போய்விடுங்கள். சாதாரண மெட்ரோ டிக்கெட்டிலேயே அது மேலே கொண்டுவிடும்.

இன்னொன்று, வீட்டிலிருந்தபடியே ஏமாறுவது. லூவ்ரு அருங்காட்சியகத்துக்கு ‘ஃபேமிலி பேக்’ என்று ஓர் இடைத்தரகர் தளத்தில் நான்கு பேருக்கும் பணம் கட்டினோம். வாசலில் போனபிறகுதான் தெரிந்தது, லூவ்ருவில் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும், எந்த நாட்டவரானாலும், அனுமதி இலவசம். ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, வெற்றி வளைவு எல்லாவற்றிலும் அப்படித்தான். இலவசமாகக் கிடைப்பதைப் பிள்ளையின் பெயரில் விற்றிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

டாக்சிப் பணத்துக்காக வங்கியிடம் முறையிட்டோம். பின் எண் போட்டுக் கொடுத்த பணம் என்று கையை விரித்துவிட்டார்கள். டாக்சி பற்றிய புகார்களை வாங்குவது பாரிஸ் காவல் தலைமையகம். அவர்களுக்கும் எழுதியிருக்கிறோம், கணவர் எடுத்திருந்த காரின் நம்பர் பிளேட் படத்தையும் இணைத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் காரின் எண், நேரம், கார்டு பரிவர்த்தனையில் வந்த பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.