பிரிட்ஜைத் திருத்துவதா, புதிது வாங்குவதா? உப்புவெளி வீட்டுக் கணக்கு

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் அம்மாவின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் இரைவது கேட்கும். அந்த உப்புக் காற்றுதான் அவருடைய பிரிட்ஜைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அரித்து வந்திருக்கிறது. சென்ற ஆண்டு கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில் அது குளிர்வதை நிறுத்திவிட்டது. உள்ளே அறக்குளா மீன், ஒரு சட்டி எருமைத் தயிர், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் இன்சுலின். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டு, திருத்துவதா மாற்றுவதா என்று யோசிக்கத் தொடங்கினோம்.

பத்து வயது தாண்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கேட்க வேண்டியது, பழுது எங்கே இருக்கிறது என்பதுதான். குளிர்விக்கும் காஸ் ஓடும் மூடிய குழாய்ச் சுற்றுக்கு வெளியே என்றால் எத்தனை வயதானாலும் திருத்தலாம். அந்தச் சுற்றுக்கு உள்ளே என்றால், அதுவும் கடலோரத்தில் என்றால், மிகவும் யோசிக்க வேண்டும்.

இதே பிரிட்ஜ் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னும் ஒருமுறை நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. பின்பக்கம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டது. திருத்த வந்த தம்பி தரையில் குந்தியிருந்து, காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் பக்கவாட்டிலிருந்து தீப்பெட்டி அளவு கறுப்புத் துண்டு ஒன்றைக் கழற்றினார். அதை அம்மாவின் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே ஏதோ கலகலத்தது. “ரிலே உடைந்துவிட்டது அம்மா, கொம்பிரசர் நல்லாக இருக்கிறது” என்றார். ரிலே என்பது கொம்பிரசரை ஓடத் தொடங்கிவைக்கும் சிறு பாகம். இரண்டு நாள் மீன் வாங்கும் காசில் வேலை முடிந்தது. கொம்பிரசரே போய்விட்டது என்று யாராவது சொன்னால், ரிலேயைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குளிரின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கதவு றப்பர், மின்விசிறி, பனி உருக்கும் ஹீட்டர் எல்லாம் இப்படிச் சுற்றுக்கு வெளியே இருப்பவைதான். றப்பரைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் போகிறது.

இந்த முறை கதை வேறு. கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடியது, குளிர் மட்டும் வரவில்லை. இங்கே காரணம், காஸ் போய்விட்டதுதான். பிரிட்ஜில் காஸ் எரிந்தோ தேய்ந்தோ தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் ஆண்டுக்கணக்காக அதே காஸ்தான் சுற்றிவரும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் மட்டும் நிரப்பினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே இடத்துக்குத் திரும்பி வருவோம். எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் வீணாகிப்போகும் பணம் இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். ஐஸ் சுரண்டும்போது கத்தி குத்தியிருந்தால் அந்த இடத்தை அடைத்துவிடலாம். பின்பக்கம் வெளியே தெரியும் குழாயில் என்றாலும் வெல்டிங்போலப் பற்றவைத்து அடைக்கலாம். ஆனால் கதவுச் சட்டத்தைச் சுற்றி, வியர்க்காமல் இருப்பதற்காக ஒரு சூடான குழாய் ஓடுகிறது. அது தகட்டுக்கும் நுரைக்கும் நடுவே மறைந்திருக்கும். அம்மாவின் பிரிட்ஜில் துருப்பிடித்தது அதுதான். அந்தக் குழாயைத் துண்டித்துவிட்டு வெளியால் புதிய இணைப்புக் கொடுக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். அது நேர்மையான யோசனைதான். அப்படிச் செய்தால் கதவோரம் வியர்த்து நீர் வடியும். ஏற்கெனவே துருவேறிய தகடு இன்னும் வேகமாக உக்கும். அடுத்த ஓட்டை எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காஸ் வேலை செய்விப்பதென்றே முடிவெடுத்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்தீர்களா? குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரை மாற்றுவீர்களா? காஸ் விடுவதற்கு முன் வாக்கும் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பீர்களா? பின்பக்க ஸ்டிக்கரில் எந்தக் காஸ் என்று எழுதியிருக்கும். ஆர்134ஏ என்றால் தீப்பிடிக்காது. இப்போதைய பிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். சமையலறைக்குள் கதவை மூடிக்கொண்டு பற்றவைக்க அனுமதிக்கவே கூடாது.

இனி மின்சாரக் கணக்கு. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் ஒரு அலகு ஓடியிருந்தது. நாளொன்றுக்கு இரண்டரை அலகுக்கு மேல், மாதத்துக்கு எண்பது அலகு! நல்ல நிலையில் இருக்கும் பழைய பிரிட்ஜ் இவ்வளவு இழுக்காது. காஸ் குறைந்ததால் இடைவிடாமல் ஓடியதன் விளைவு இது. வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினாலே மின் கட்டணப் படிநிலை மாறிவிடுகிறது. தனியாக வாழும் ஒரு முதியவருக்கு அது சிறிய விடயமல்ல.

புதிதின் பக்கம் எல்லாமே நன்மை என்று சொல்ல மாட்டேன். கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வகை மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, சத்தம் குறைவு. ஆனால் அதன் மூளை ஒரு மின்னணு அட்டையில் இருக்கிறது. மாரி காலத்து இடியும் மின்வெட்டுக்குப் பின் பாய்ந்து வரும் மின்சாரமும் அதற்கு எமன். கடையில் ‘பத்து ஆண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டுமே. அட்டைக்கு எத்தனை ஆண்டு, காஸுக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு, திருத்த ஆள் திருகோணமலையிலேயே இருக்கிறாரா, வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தவணையில் வாங்குகிறவர்கள் மொத்தத் தொகையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிக்கு ஒரு பெருமை உண்டு. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாளில், அதன் சுவரில் உறைந்திருந்த தடித்த ஐஸ்தான் அம்மாவின் மருந்தைக் காப்பாற்றியது. ஐஸ் கட்டாத புதிய வகையில் அந்தச் சேமிப்பு இல்லை. அதற்காக இப்போது கீழ்த்தட்டில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வைக்கிறோம்.

பாவித்த பிரிட்ஜ் வாங்கும் யோசனையும் வந்தது. துருவை மறைப்பதுபோல் அடித்தகட்டில் புதுப் பெயின்ட் பூசியிருந்த இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

புதிதையே வாங்கினோம். பழையதில் ரிலேதான் உடைந்திருந்தால் நிச்சயமாகத் திருத்தியிருப்பேன். மின்சாரம் வந்தவுடன் இயங்காமல் ஐந்து நிமிடம் தாமதிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பூட்டி, ஜன்னலுக்கு நேரே இல்லாமல் உள்சுவரோரம் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தோம். பழையதை எடுக்க அதே மெக்கானிக் தம்பிதான் வந்தார். லொறியில் ஏற்றுவதற்கு முன் குந்தியிருந்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தான் பூட்டிய ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். சத்தமில்லை. துணியால் துடைத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.