ஆர் 5452-இன் மறுபக்கம்: பீட்டில்ஸின் ‘ரெயின்’

ஸ்டீரியோவில் கேட்டதை வைத்து ‘ரெயின்’ பாட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது. 1966 ஜூனில் பிரிட்டனில் வந்த பார்லோஃபோன் கம்பெனியின் ஆர் 5452 என்ற சிங்கிள் ஒரு மோனோ ரெக்கார்டு, அதாவது எல்லா ஒலியும் ஒரே சேனலில். ஏ சைடு (முன்பக்கம்) ‘பேப்பர்பேக் ரைட்டர்’, பி சைடு (பின்பக்கம்) ‘ரெயின்’. ஸ்டீரியோ மிக்ஸ் போடப்பட்டதே 1969 டிசம்பரில்தான். அதில் இசை இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. மோனோவில் பாஸ் கிட்டாரும் டிரம்மும் ஒரே கட்டியாக வந்து விழுகின்றன.

அந்தக் கனத்துக்குக் காரணம் டேப் வேகம். பின்னணி இசையை வேகமாக வாசித்துப் பதிந்து, டேப்பை மெதுவாக ஓடவிட்டார்கள். டிரம்மின் சுருதி இறங்கியது. பாடிய ஜான் லெனனின் குரலுக்கு நேர்மாறாகச் செய்ததால் அது மெலிந்து, கூராக மேலே நிற்கிறது. டிரம்மர் ரிங்கோ ஸ்டார் தன் வாசிப்பிலேயே சிறந்ததாகச் சொல்லிவருவது இதைத்தான். ஏ சைடை விட ஒரு படி மேல் என்பதே நம் கட்சியும்.

பாஸ் ஒலி கூடினால் குரூவ் (ஊசி ஓடும் பள்ளம்) அகலமாக ஆடும், மலிவான பிளேயரில் ஊசி குதிக்கும். அந்தப் பயத்தில் பார்லோஃபோனின் தாய்க் கம்பெனியான ஈஎம்ஐ பாஸை அடக்கியே குரூவை வெட்டிவந்தது. இந்த சிங்கிளுக்கு ‘ஏடாக்’ என்ற புதிய கருவியை வைத்துச் சத்தமாக வெட்டினார்கள். ஆகவே, இன்று வாசிக்கும்போது ஊசி தாவினால் உடனே ரெக்கார்டைக் குறை சொல்ல வேண்டாம். ஊசி தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜுக்குச் (ஊசி பொருந்திய தலைப்பகுதி) சொல்லப்பட்ட வரம்பின் மேல் எல்லைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பழைய பிரதி வாங்குவோர் கடைசி அரை நிமிடத்தை முதலில் கேட்க வேண்டும். பாட்டு நின்றதுபோல் நின்று, பின்னோக்கி ஓடும் குரலோடு திரும்பி வரும். அந்தப் பகுதி லேபிளை ஒட்டிய உள்வட்டத்தில் இருக்கிறது. கனமான ஊசிகள் தேய்த்த பிரதிகளில் முதலில் கரகரப்பது அங்கேதான். ஒரு நல்ல சேதி: ஏ சைடு தேய்ந்துபோன பிரதியில்கூட பி சைடு பல நேரம் பிழைத்திருக்கும்.

அடுத்தது நடுத்துளை. ஜூக்பாக்ஸுக்குப் போன பிரிட்டிஷ் பிரதிகளில் நடுப்பகுதியைத் தட்டி எடுத்திருப்பார்கள். அமெரிக்க கேபிட்டல் 5651-க்குப் பிறப்பிலேயே பெரிய துளை. இரண்டுக்கும் துளையை நிரப்பும் அடாப்டர் வேண்டும். அது தளர்வாக இருந்தால் தட்டு மையம் விலகிச் சுற்றும். இந்தப் பாட்டில் இழுத்து நிற்கும் ஸ்வரங்கள் அதிகம் என்பதால் சுருதி அலைவது உடனே காதில் படும்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்சைப் போடவும். மோனோ குரூவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. இரு சேனலும் சேரும்போது மேலும் கீழுமான அசைவால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். படபடவென்ற சத்தம் கணிசமாகக் குறையும்.

ஒரிஜினல் கிடைக்காவிட்டால் 2019-இல் வந்த 23 ரெக்கார்டு கொண்ட சிங்கிள்ஸ் பெட்டி இருக்கிறது. சத்தமில்லாத பிரஸ்ஸிங், ஆனால் ஒரு பாட்டுக்காக வாங்கும் சாமான் அல்ல.

இதே ரசனைக்கு இன்னும் இரண்டு. ஆல்பத்தில் இடம் போதாமல் வெளியே நின்ற ஃப்ளீட்வுட் மேக்கின் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’, 1976-இன் ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் பின்பக்கம் கிடைக்கும். தி ஸ்மித்ஸின் ‘ஹவ் சூன் இஸ் நவ்’ வேண்டுமானால் 1984-இன் ‘வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்’ ரெக்கார்டின் 12 அங்குலப் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்; 7 அங்குலத்தில் பி சைடு வேறு பாட்டு.