எக்ஸ்ரே எடுக்காமலே "நான்கு குட்டிகள்" என்று எழுதிக் கொடுத்தார்கள்: சினை நாய் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் சினையாக இருக்கும் நாயை வைத்திருப்பவர்கள், அதிலும் டாஷ்ஹண்ட், பக், பொமரேனியன் போன்ற சிறிய இனங்களை வளர்ப்பவர்கள், இதை ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கரூரில் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனையை நம்பி இரண்டு மாதம் எங்கள் நாய் செம்பியின் பராமரிப்பை ஒப்படைத்திருந்தோம். அந்த நம்பிக்கைக்கு ஈடாக, உயிரோடு பிறந்திருக்க வேண்டிய ஒரு குட்டியை இழந்தோம். செம்பியையும் இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பினோம்.

செம்பிக்கு அப்போது நான்கு வயது. அது அவளுடைய முதல் சினை. 2023 நவம்பர் 15ஆம் தேதியும் 17ஆம் தேதியும் தெரிந்தவர் வீட்டு ஆண் நாயோடு சேர்த்திருந்தோம். குட்டி போடும்வரை முழுப் பராமரிப்பு என்று சொல்லி அந்த மருத்துவமனையில் 8,500 ரூபாய் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஸ்கேன், ஓர் எக்ஸ்ரே, மாதாந்தரப் பரிசோதனை, சத்து மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம் என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தது.

டிசம்பர் 18ஆம் தேதி முதல் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் மருத்துவர் அல்லர், அங்கே வேலை பார்க்கும் ஓர் இளைஞர். திரையைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு மூன்றோ நான்கோ இருக்கும் என்றார். அந்தக் கட்டத்தில் ஸ்கேன் மூலம் சினையை உறுதி செய்யலாம், இதயத் துடிப்பைப் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கையை நம்பக்கூடாது, ஏனென்றால் ஒரே குட்டி இரண்டு கோணங்களில் தெரிந்து இரண்டாக எண்ணப்படும், பின்னால் மறைந்திருப்பது விட்டும் போகும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று நாங்கள் நான்கு குட்டிகளுக்கு ஏற்ற பெரிய பெட்டியாகத் தச்சரிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம்.

குட்டிகளின் எலும்புகள் நன்றாகக் கெட்டிப்பட்ட பிறகு, அதாவது சேர்க்கையிலிருந்து ஏறத்தாழ 55 நாள் கடந்த பிறகு, எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் ஒவ்வொன்றாக எண்ண முடியும். எங்கள் கணக்கில் அது ஜனவரி 11ஆம் தேதியையொட்டி வந்தது. அன்று போனபோது இயந்திரம் பழுது, பொங்கல் கழித்து வாருங்கள் என்றார்கள். பொங்கல் முடிந்து 18ஆம் தேதி போனால், இத்தனை நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளுக்குக் கதிர்வீச்சு பாதிப்பு வரும், தேவையில்லை என்றார்கள். இது தவறான தகவல். சினையின் கடைசி வாரத்தில் எண்ணிக்கைக்காக ஒருமுறை எடுக்கும் எக்ஸ்ரே உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைப்பது. உறுப்புகள் உருவாகி முடிந்துவிட்ட அந்தக் கட்டத்தில் எண்ணிக்கை தெரியாமல் இருப்பதே பெரிய ஆபத்து. பணம் கட்டிய சோதனையைச் செய்யுங்கள் என்று நான் அங்கேயே வற்புறுத்தியிருக்க வேண்டும். குட்டிகளுக்குக் கெடுதல் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்?

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாயின் பிரசவத்தைத் தொடங்கி வைப்பதில் தாயைவிடக் குட்டிகளுக்கே பங்கு அதிகம். நாள் நெருங்கி வயிற்றுக்குள் நெருக்கடி கூடும்போது குட்டிகளின் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு உயர்கிறது. அதன் தொடர்ச்சியாகத் தாயின் இரத்தத்தில், சினையைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிந்து வலி எடுக்கிறது. ஒன்றோ இரண்டோ குட்டிகள் மட்டும் இருந்தால் அந்தத் தூண்டுதல் போதாமல் போய்விடலாம். கர்ப்பப்பையும் போதுமான அளவு விரிந்து கொடுக்காததால் அதன் சுருங்கும் வலு குறைந்துவிடும். இதற்கிடையே உள்ளே தாராளமாக இடம் கிடைத்த குட்டி பெருத்துக்கொண்டே போகும், நஞ்சுக்கொடியோ தன் காலம் முடிந்து தளரத் தொடங்கும். நான்கைந்து குட்டிகள் இருக்கும் நாய்க்கு ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பதும், இரண்டே குட்டிகள் இருக்கும் நாய்க்கு அதே ஒரு நாள் காத்திருப்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கை குறைவு என்று முன்பே தெரிந்தால் மருத்துவர் தேதியைத் துல்லியமாகக் கணக்கிட்டு, வலி வராவிட்டால் சிசேரியனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்.

ஜனவரி 20, சனிக்கிழமை மாலை செம்பி பெட்டியில் விரித்திருந்த துணியைப் பிராண்டத் தொடங்கினாள். மூச்சு இரைத்தது, உணவைத் தொடவில்லை. வழக்கமாக 101.5 டிகிரி காட்டும் வெப்பமானி அன்று 98.4 காட்டியது. நாய்க்கு உடல் வெப்பம் 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்கிவிட வேண்டும். ஞாயிறு நண்பகல் ஆயிற்று, வெப்பம் மறுபடியும் 101ஐத் தொட்டுவிட்டது, ஆனால் அவள் ஒருமுறைகூட முக்கவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாய்க்கு 72 நாள் வரைக்கும் போகும், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று பதில் வந்தது.

இந்த 72 என்ற எண்ணைத் தயவுசெய்து யாரும் காத்திருப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். ஆண் நாயின் விந்தணு பெண் நாயின் உடலுக்குள் பல நாள் உயிரோடிருக்கும் என்பதால், சேர்த்த தேதியிலிருந்து எண்ணும்போது மட்டும் 57 நாளிலிருந்து 72 நாள் வரை மாறுபடுவதாகத் தோன்றுகிறது. எந்த நாய்க்கு எந்த நாள் என்பதை அறிய, சேர்க்கும் காலத்திலேயே இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சோதனை செய்யலாம். கடைசி நாட்களில் அதே சோதனையில் அளவு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் குட்டிகள் வெளியே வரத் தயார் என்று பொருள். வெப்பம் இறங்கி, ஒரு நாள் கடந்து, வலியே வராமல் மறுபடி ஏறினால் அது கர்ப்பப்பை ஓய்ந்துவிட்டதற்கான அறிகுறி. நான் தொலைபேசியில் சொன்னது அச்சு அசலாக இதைத்தான். மறுமுனையில் இருந்தவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கரும்பச்சையாக நீர் ஒழுகத் தொடங்கியது. முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை நிறம் தெரிந்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம்; அதற்குப் பிறகு அந்தக் குட்டிக்குத் தாயிடமிருந்து பிராணவாயு கிடைக்காது. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் வெளியூரில் இருந்தார். ஸ்கேன் எடுத்த அதே இளைஞர் செம்பியின் அடிவயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினார். என்ன மருந்து, சோதித்துப் பார்க்காமல் போடலாமா என்று என் கணவர் கேட்டார். "டாக்டர் போன்ல சொல்லித்தான் போடறேன் சார், அரை மணி நேரத்துல எல்லாக் குட்டியும் வந்துரும்" என்றார். அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின். பால் சுரக்க வைப்பதற்காகச் சில மாட்டுக்காரர்கள் கன்றில்லாத மாட்டுக்குக் கணக்கில்லாமல் போடுகிறார்களே, அதே மருந்து.

நாய்க்கு அதை மிகக் குறைந்த அளவில், அதுவும் கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா, குட்டி வழியில் சிக்கியிருக்கிறதா, துடிப்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகே போட வேண்டும். வழி அடைபட்டிருக்கும்போது போட்டால் கர்ப்பப்பை கிழியலாம். கிழியாவிட்டாலும் அழுத்தத்தில் குட்டிக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் எதுவும் வரவில்லை. அவர் இரண்டாவது ஊசியையும் போட்டார். செம்பி உடல் வில்லாக வளைய முக்கினாள், பிறகு நாக்கை வெளியே தொங்கவிட்டுப் படுத்துவிட்டாள். அப்போதுதான் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், 30,000 ரூபாய் ஆகும், மருத்துவர் வரக் காலை ஆகிவிடும், 15,000 முன்பணம் கட்டினால் வரச் சொல்கிறோம் என்றார்கள்.

நாங்கள் கட்டவில்லை. நாமக்கல்லில் ஓய்வு பெற்ற கால்நடை அறுவை மருத்துவர் ஒருவர் இருப்பதாக என் தங்கை விசாரித்துச் சொன்னாள். அவரிடம் பேசியதும் உடனே கிளம்பி வரச் சொன்னார். பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது மணி பதினொன்றே கால். செம்பி என் மடியில் அசைவில்லாமல் கிடந்தாள், வயிறு மட்டும் கல்லாக இறுகி இறுகித் தளர்ந்தது. அந்த மருத்துவர் முதலில் எடுத்ததே எக்ஸ்ரேதான். படத்தில் இரண்டே முதுகெலும்புகள் இருந்தன. ஒரு குட்டியின் தலை இடுப்பெலும்பின் வாயில் வந்து முட்டி நின்றது. பிறகு ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தார். நிமிடத்துக்கு 200க்கு மேல் இருக்க வேண்டிய துடிப்பு ஒரு குட்டிக்கு 150ஆக இருந்தது, முட்டி நின்ற குட்டிக்குத் துடிப்பே இல்லை. 180க்குக் கீழே போனாலே குட்டி திணறுகிறது என்று பொருளாம். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வயிற்றைத் திறந்தார்.

இறந்திருந்தது ஆண் குட்டி. நல்ல பெரிய குட்டி, எந்தக் குறையும் இல்லாத உடல். அது சில மணி நேரத்துக்கு முன்புதான் இறந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. பெண் குட்டியை அவருடைய மனைவி துவாலையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, மூக்கிலிருந்த நீரை உறிஞ்சி எடுத்து, கிட்டத்தட்டப் பத்து நிமிடம் கழித்து அழ வைத்தார். எடை 340 கிராம்.

பழைய மருத்துவச் சீட்டைக் காட்டுங்கள் என்று நாமக்கல் மருத்துவர் கேட்டபோதுதான் நான் அந்த மருத்துவமனை கொடுத்திருந்த அட்டையை முழுதாகப் பார்த்தேன். "எக்ஸ்ரே" என்ற கட்டத்தில் சரி என்று குறியிட்டு, ஜனவரி 18 என்று தேதி போட்டு, குட்டிகளின் எண்ணிக்கை 4 என்று எழுதியிருந்தார்கள். எடுக்காத எக்ஸ்ரேக்கு எண்ணிக்கை! அட்டையில் எந்த இடத்திலும் மருத்துவரின் பதிவு எண் இல்லை. இரண்டாம் மாதம் தொடங்கி நாள்தோறும் இருவேளை கால்சியம் மருந்து கொடுக்கச் சொல்லியிருந்ததையும் பார்த்து அவர் வருந்தினார். சினையாக இருக்கும்போது வெளியிலிருந்து கால்சியத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொள்ளும் திறனை உடல் மந்தமாக்கிவிடும். பிரசவ நேரத்தில் கர்ப்பப்பை சுருங்கவும், பால் கொடுக்கும் நாட்களில் தாய்க்கு வலிப்பு வராமல் இருக்கவும் அந்தத் திறன்தான் வேண்டும். தரமான குட்டி உணவைக் கடைசி மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தாலே போதுமானது என்றார்.

பிழைத்த குட்டியை வளர்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒற்றைக் குட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஒட்டிப் படுக்கக் கூடப்பிறந்த குட்டிகள் இல்லாததாலும், பிறந்த புதிதில் நாய்க்குட்டியால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது என்பதாலும், முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் குறையாமல் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல்களால் காத்தோம். மயக்கம் தெளியாத செம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் நாளே சீம்பால் குடிக்க வைத்தோம். தினமும் காலையில் தராசில் நிறுத்தோம். பத்தாம் நாள் எடை இரட்டிப்பானது. குட்டி ஒரே காம்பையே தேடிப் போகும் என்பதால் மற்றக் காம்புகளில் பால் கட்டி மடி வீங்காமல் இருக்க மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டோம். போட்டிக்கு ஆளில்லாமல் குடித்துக் கொழுத்தால் கால்கள் பக்கவாட்டில் விரிந்துவிடும் என்று எச்சரித்திருந்ததால், வழுக்காத சொரசொரப்பான விரிப்பையே போட்டு வைத்தோம்.

அந்த மருத்துவமனையிடம் எக்ஸ்ரே படத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். படம் வரவில்லை. அழைத்துப் பேசி, 2,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும் விஷயத்தை இதோடு விட்டுவிடும்படியும் சொன்னார்கள். வாங்கவில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் பார்க்க முடியும்; உதவியாளர்கள் சிறு பணிகளைச் செய்வதும் பதிவு பெற்றவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். ரசீது, அட்டை, நாமக்கல் மருத்துவரின் அறிக்கை, இரண்டு முதுகெலும்புகள் தெரியும் அந்தப் படம் ஆகியவற்றின் நகல்களோடு தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு முறையீடு அனுப்பியிருக்கிறேன்; நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்படி மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு இப்போது 50 நாளைக் கடந்த சினையோடு யாராவது இருந்தால், எக்ஸ்ரே எடுக்கும் தேதியை இன்றே உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தைக் கையில் வாங்கி, மண்டையோடுகளை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்று தெரிந்தால், இரவில் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவர் யார், அவர் அந்த வாரம் ஊரில் இருப்பாரா, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை நாயின் வெப்பம் இறங்குவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.