டோக்ஸா சப் 300டி: மூன்று வருடம் கட்டிப் பார்த்த பிறகு

முதலில் இந்த டைவிங் வாட்சின் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன், பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். டயல் பளீர் ஆரஞ்சு. 1960-களில் டைவர்களுக்கென்றே ஒரு வாட்ச் செய்யக் கிளம்பிய சுவிஸ் வாட்ச் கம்பெனியான டோக்ஸாக்காரர்கள், சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் ஏரித் தண்ணீருக்குள் பல நிற டயல்களை இறக்கிப் பார்த்து, கலங்கலிலும் சட்டென்று கண்ணில் படுவது ஆரஞ்சுதான் என்று முடிவு செய்தார்கள். 1967-இல் என் 300டி-யின் முன்னோடியான சப் 300 அந்த நிறத்தோடு வந்தது. நிமிட முள் தடிமன், மணி முள் சின்னது. தண்ணீருக்கடியில் இருப்பவருக்கு மணி என்ன என்பதா முக்கியம், இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதுதானே.

எனக்கு உயிர் இதன் பெசல், அதாவது டயலைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம். ஆழத்தில் இருக்க இருக்க உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேரும், அளவு மீறிவிட்டால் நேராக மேலே வரக்கூடாது, இடையில் நின்று நின்றுதான் வர வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அந்தக் கால அட்டவணைப்படி 60 அடியில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம் வரை இருந்துவிட்டு நிற்காமல் ஏறிவிடலாம். அந்த அட்டவணையை அப்படியே பெசலில் செதுக்கிவிட்டார்கள்! இறங்கும்போது பெசலின் தொடக்கக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால் போதும், உங்கள் ஆழத்துக்குரிய எண்ணை முள் தொடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இன்று நானும் ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை நம்பித்தான் இறங்குகிறேன், ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்த பெசலைத் திருப்பாமல் குதித்ததில்லை.

கம்பெனி பழையது. 1889-இல் ஜார்ஜ் துகொமன் என்பவர் லு லோக்ல் ஊரில் ஆரம்பித்தார். எட்டு நாள் ஓடும் இவர்கள் கடிகாரம் புகாட்டி கார்களின் டாஷ்போர்டில் இருந்தது. பிறகு பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ தலைமையில் இருந்த, டைவிங் கருவிகள் விற்கும் யூ.எஸ். டைவர்ஸ் நிறுவனம் சப் வாட்ச்களை அமெரிக்காவில் விற்றது. அப்புறம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களின் அலை வந்து எத்தனையோ சுவிஸ் கம்பெனிகளோடு இதையும் சாய்த்தது. 1997-இல் வாங்கியது ஜென்னி குடும்பம். 1960-களிலேயே 1000 மீட்டர் தாங்கும் டைவிங் வாட்ச் செய்தவர்கள் அவர்கள், அதனால்தான் பழைய வடிவத்தைக் கெடுக்காமல் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, கையில் எப்படி? அகலம் 42.5 மி.மீ. என்று படித்துப் பயந்தேன், ஆனால் மேலிருந்து கீழாக நீளம் குறைவு என்பதால் என் ஒல்லிக் கையிலும் துருத்தாமல் உட்காருகிறது. 1200 மீட்டர் தாங்கும், உள்ளே புகுந்த ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வால்வும் உண்டு. பொழுதுபோக்காக டைவ் செய்பவருக்கு இரண்டுமே தேவைப்படாது, அதற்காக வாங்காதீர்கள். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்பதால் கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும்.

ரப்பர் ஸ்ட்ராப்பிலும் கிடைக்கிறது, ஆனால் ஸ்டீல் செயினோடே வாங்குங்கள். அரிசி மணிகளைக் கோத்தது போன்ற அந்தச் செயின் தோலில் வழுக்கிக்கொண்டு படியும், டைவ் சூட்டுக்கு மேல் கட்ட வேண்டுமென்றால் கொக்கியிலேயே நீட்டிக்கொள்ளலாம்.