குளிர் கொஞ்சம், குறட்டை முழுசு: ஒரு ஏசியில் இரண்டு அறை

திருகோணமலைக்குக் கிட்ட, சாம்பல்தீவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிற நண்பன் போன கிழமை போன் எடுத்தான். "உன்ட வீட்டில ஒரு ஏசியில ரெண்டு அறைக்கு விட்டிருக்கிறியே, அதை நானும் செய்யவா மச்சான்?" போனில் ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. எழுதினாலாவது ஒரு முடிவுக்கு வருவேனோ என்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். பெரிய அறையில் 12000 பிடியூ (குளிராக்குகிற வலுவின் அளவு) இன்வேட்டர் ஏசி. பக்கத்து அறை மகளுடையது, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) படிக்கிறாள். இரண்டு அறைக்கும் சீலிங்குக்கு மேலால் 4 அங்குல வளையும் பைப் ஒன்று போகிறது, நடுவில் பைப்போடு சேர்த்துப் பூட்டுகிற சின்ன இன்லைன் ஃபேன். பெரிய அறைக் காற்றை உறிஞ்சி மகளின் அறைக்குள் தள்ளுவதுதான் அதன் வேலை. சாமான் எல்லாம் இங்கே என்.சி. வீதிக் கடைகளிலும் கொழும்பிலுமாக எடுத்தது.

ஏசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் பக்கம் என்பதால் வெளிப் பெட்டியை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், அவ்வளவுதான். கதை முழுக்க அந்தப் பைப்பில்தான்.

முதலில் ஒன்று. சுவர் ஏசியின் வாயில் நேரடியாகப் பைப்பைப் பூட்டிவிடலாம் என்று சில பேர் நினைக்கிறார்கள். முடியாது. உள்ளே இருப்பது நீட்டு உருளை ஃபேன். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும், ஆனால் பைப்புக்குள் அழுத்தித் தள்ளுகிற வலு அதற்கு இல்லை. வாயை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து கொயில், அதாவது காற்றைக் குளிராக்குகிற குழாய்ச் சுருள், உறைந்து போகும். மேல் பக்கத்தால்தான் அது மூச்சு இழுக்கிறது, அதனால் சீலிங்கோடு ஒட்டியும் மாட்டக் கூடாது. ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். முன்னால் அலுமாரி நின்றால் குளிர் காற்று அதில் பட்டுத் திரும்பி மேலே ஏறி மெசினுக்குள்ளேயே போகும். அறை குளிர்ந்துவிட்டது என்று அது நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டிலில் கிடக்கிறவன் வேர்த்துக்கொண்டிருப்பான். ஆகவே பைப் என்றால் அறைக் காற்றை இன்னொரு ஃபேனால் இழுக்கிற முறைதான் ஒரே வழி.

பைப் பூட்டும் வேலைக்கு வந்த தம்பி உறிஞ்சுகிற வாயை ஏசிக்கு நேர் எதிரே, குளிர் வந்து அடிக்கிற இடத்தில் வெட்டினார். "அப்பதான் அண்ணை நல்லாக் குளிரும்." ஏப்ரலில் சீலிங்கில் தேயிலைக் கறை மாதிரி வட்டங்கள் விழத் தொடங்கின. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று மேசனைக் கூப்பிட்டோம். மேலே ஏறிப் பார்த்தவர் சிரித்தார். கூரை காய்ந்து கிடந்தது, வேர்த்தது பைப். ஏசி வாயால் வருகிற காற்று 15 பாகைக்குக் கிட்ட இருக்கும். அந்த மாதங்களில் இங்கே காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும், 25 பாகையில் இருக்கிற பொருளில்கூடத் தண்ணீர் கோத்துவிடும். மெல்லிய உறை போட்ட பைப் என்ன செய்யும்? ஆடிக் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் என்றால் இவ்வளவு வேர்த்திருக்காது, அது காய்ந்த காற்று. பிறகு உறிஞ்சும் வாயை அடுத்த மூலைக்கு மாற்றி, தடித்த உறை சுற்றினோம். அதற்கும் தனிக் காசு. தம்பி போனே எடுக்கவில்லை.

இனிக் குளிருக்கு வருவோம். கணக்கைச் சொன்னால் கடைக்காரர்கள் கோபிப்பார்கள். இந்த அளவு ஃபேன் வளைவெல்லாம் கழித்து மணிக்கு 150 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைப்போம். இரண்டு அறைக்கும் 4 பாகை வித்தியாசம். அப்படியானால் அந்தப் பக்கம் போய்ச் சேருகிற குளிர் ஏறக்குறைய 200 வாட். ஏசியின் முழு வலு 3500 வாட். சும்மா கதிரையில் இருக்கிற ஒரு ஆளின் உடம்பே 100 வாட் அளவில் சூடு விடும். மகள், அவளுடைய லப்டொப், மேசை விளக்கு, அதோடு 200 சரி. பின்னேர வெயில் மேற்குச் சுவரில் ஏறினால் அந்த அறைக்கு ஒன்றும் மிஞ்சாது. பகலில் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் அவ்வளவு சூடு, பைப்பால் வருகிறது குளிரா வெக்கையா என்று கையை வைத்தால்கூடத் தெரியாது.

பிறகு ஏன் இன்னும் கழற்றவில்லை? அங்கேதான் நான் எதிர்பார்க்காத சங்கதி. குளிர் வராவிட்டாலும் ஈரம் போய்விட்டது. ஏசிக் காற்று காய்ந்த காற்று. அது போய்ச் சேர்ந்ததில் மகளின் அறையில் அந்த உப்புப் பிசுபிசுப்பு இல்லை. முன்பு கொப்பித் தாள் நனைந்த அப்பளம்போல் கிடக்கும், பேனை ஊறும். இப்போது தாள் சரசரக்கிறது. அலுமாரியில் இருந்த பூஞ்சண வாசம் மறைந்துவிட்டது. தெர்மோமீற்றரில் 28 காட்டும்போதே ஒரு சின்ன மேசை ஃபேனோடு அவள் இரவு பன்னிரண்டு மணிவரை இருந்து படிக்கிறாள். "குளிருதா?" என்று கேட்டால் "இல்ல, ஆனா நல்லாயிருக்கு" என்பாள். அந்த ஈரத்தையெல்லாம் பெரிய அறை ஏசிதான் பிழிந்து வெளியே விடுகிறது, அதற்கும் கரண்ட் போகும். 180 யூனிட்டுக்கு மேலே ஆகக் கூடிய விலை, தெரிந்ததுதானே.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தள்ளின காற்று திரும்பி வர வழி வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு அது இல்லை. மகள் கதவைப் பூட்டினால் அறைக்குள் காற்று நெருக்கி ஃபேன் சும்மா முனகும். திறந்தால் காற்று ஹோலுக்குப் போய்விடும், பெரிய அறை தனக்கு வேண்டியதைக் கதவுக்குக் கீழால் ஹோலிலிருந்து இழுக்கும். மனுசி மீன் பொரிக்கிற நேரம் ஏசி அறைக்குள் பாரை மீன் வாசம் குளிர்ந்து நிற்கும். கடைசியில் இரண்டு அறைக்கும் பொதுச் சுவரில் நிலத்தோடு ஒட்டி ஒரு கிறில் வைத்தோம். மேலால் போகிறது கீழால் வருகிறது. அந்தத் துவாரம் பைப்பை விடப் பெரிதாக இருந்தால்தான் ஃபேன் சிரமப்படாது. எத்தனை பேர் பைப்புக்குக் காசு கொட்டிவிட்டு இதை விடுகிறார்கள்!

இத்தனையும் சரிவந்த பிறகு மிஞ்சியது சத்தம். ஃபேன் சத்தத்தைச் சொல்லவில்லை, அதை ரப்பர் கொழுவி நிறுத்தியாயிற்று. என் சத்தம். என் குறட்டை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் பைப்பால் போகிறது, ஒலிபெருக்கி வைத்ததுபோல. காலையில் மகள் சாப்பாட்டு மேசையில் மூச்சு விடுகிற மாதிரியே செய்து காட்டுகிறாள். அதை விடுங்கள், வீட்டுக் கடன், அவளுடைய ரியூசன் காசு, என் கூடப்பிறந்த தம்பியோடு காணிப் பிரச்சினை, நானும் மனுசியும் இரவில் மெதுவாகப் பேசினது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பைப்பில் இன்னொரு வளைவு போட்டு உள்ளே பஞ்சு ஒட்டினால் குறையும் என்கிறார்கள். ஓரளவு குறைந்தது. கீழே கிறில் இருக்கிறதே, அதால் மிச்சம் போகிறது. கிறிலை மூடினால் காற்று நிற்கும். இதற்கு விடை இல்லை. இரவில் ஒரு கதை கதைக்க வேண்டுமென்றால் நாங்கள் முற்றத்துக்குப் போகிறோம்.

ஆகவே நண்பனுக்குச் சொல்கிறேன்: செய்யாதே. நீ இன்னும் சுவர் பூசவில்லை. சின்ன அறைக்கு 9000 பிடியூ ஒன்றைத் தனியாகப் போடு. ஏசித் தண்ணீர் வெளியே போகிற பைப்புக்கு இப்போதே சரிவு விட்டுச் சுவரை வெட்டு, தனி வயர் இழு. பைப்பால் குளிர் விடவென்றே செய்த ஒழுங்கான டக்ட் ஏசி வேண்டுமென்றால் அது வேறு மெசின், சீலிங்குக்கு மேல் இடமும் நிறையக் காசும் வேண்டும்.

என்னுடையது? ஃபேன் பெயறிங் இந்த மாதம் கிரீச்சிடத் தொடங்கியிருக்கிறது, உப்புத்தான். அதே ஃபேனுக்குக் கொழும்புக் கடைக்கு நேற்றே சொல்லிவிட்டேன்.