ரிமோட் வைத்த 2.1 ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கடைப் பெயர் சொல்லப் போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை, அதோடு இது ஒரே ஒரு கடையோடு நிற்கிற வித்தையும் இல்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஸ்பீக்கர் எங்கள் அப்பாவுக்காக. ஹார்பரில் மூட்டை தூக்கி ரிட்டயர் ஆனவர், இரண்டு முட்டியும் போய்விட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், அவ்வளவுதான். ஹாலில் கம்ப்யூட்டர் ஒரு மூலை, அவர் கட்டில் எதிர் மூலை, நடுவில் பத்தடி. காலையில் பழைய பாட்டுகளை வரிசையாகப் போட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போவேன். பாட்டு முடிந்து விளம்பரம் அலறும்போதெல்லாம் "கம்மி பண்ணும்மா" என்று குரல் வரும். கரண்டியும் கையுமாக ஓடுவேன். அந்தப் பத்தடிக்காகத்தான் ரிமோட் வேண்டும் என்றேன். வீட்டை அதிரவைக்கிற ஆசையெல்லாம் கிடையாது. மேல்வீட்டுக்காரர் குக்கர் விசிலுக்கே சண்டைக்கு வருகிற ஆள்.

பட்ஜெட் 2,000 ரூபாய். ஒன்றும் தெரியாமல் போகவில்லை, ஒரு வாரம் படித்துவிட்டுத்தான் போனேன். இரண்டு சின்ன ஸ்பீக்கர், அடி ஓசைக்கு ஒரு சப்வூஃபர், அதுதான் 2.1. சப்வூஃபர் பெட்டி பிளாஸ்டிக்கைவிட, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் இருந்தால் நல்லது. உள்ளே டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருந்தால் பெட்டி கனக்கும், அதனால் தூக்கிப் பார்த்து வாங்கு என்று படித்தேன். இந்தத் தூக்கிப் பார்ப்பதுதான் என்னைக் கவிழ்த்தது.

கடையில் கூட்டம். ஓனர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை, பையன்தான் எல்லாம் காட்டினான். ஷோ பீஸில் பென் டிரைவைச் செருகி ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். கண்ணாடி ஷெல்ஃபில் இருந்த மவுஸ் பெட்டிகள் ஆடின. ரிமோட்டை என் கையில் கொடுத்தான். சத்தம் ஏறியது, இறங்கியது, எஃப்.எம். மாறியது, மியூட் ஆனது. நான் விடவில்லை, வாசல் படியில் போய் நின்று அமுக்கினேன். அங்கிருந்தும் வேலை செய்தது. அட்டைப்பெட்டியின் மேல் நெருப்புப் படத்தோடு 12,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தது. 2,600 என்று ஆரம்பித்து 1,950-க்கு இறங்கினார்கள். மாடியிலிருந்து சீல் வைத்த புதுப் பெட்டி வந்தது. தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

"பில்லு?"

"பில்லு வேணும்னா ஜி.எஸ்.டி. தனிக்கா. நம்ம கட தான, எப்ப வேணா வாங்க, எங்க போயிடப் போறோம்?"

எஸ்டிமேட் என்று தலைப்பு போட்ட ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். கடைப் பெயர் இல்லை, நம்பர் இல்லை. நான் வேலை பார்ப்பது ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில். நாள் முழுக்க இன்வாய்ஸில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் பார்ட்டிக்கு போன் போட்டுத் திட்டுகிறவள். அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் பின்னால் பச்சை ஓட்டையில் வயரைச் செருகி, ஸ்பீக்கரை ஆக்ஸ், அதாவது வயரில் வரும் சத்தம், என்று வைத்துப் பாட்டைப் போட்டேன். பாட்டு வந்தது. ரிமோட்டை அப்பா கையில் கொடுத்தேன். அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. திருப்பிப் பிடித்து அமுக்கினார், எழுந்து உட்கார்ந்து கையை நீட்டி அமுக்கினார். பேட்டரியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை எடுத்திருக்கிறேனா என்று பார்த்தேன், எடுத்திருந்தேன். போன் கேமராவை ஆன் செய்து ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி அமுக்கினால் ஊதாவாக ஒரு பொட்டு மினுக்கும், கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் கேமராவுக்குத் தெரியும். மினுக்கியது. ரிமோட் நல்ல ரிமோட்தான்.

எஃப்.எம்.முக்கு மாற்றினேன், ரிமோட் வேலை செய்தது. பென் டிரைவ், அதிலும் செய்தது. மறுபடி ஆக்ஸ், செத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. ரிமோட்டின் சிக்னலைப் பிடிப்பது பென் டிரைவும் எஃப்.எம்.மும் ஓடுகிற அந்தச் சின்ன போர்டு. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சத்தம் அந்த போர்டைத் தொடாமலே, சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் போகிறது. ஸ்பீக்கரில் அதைக் கூட்டவோ குறைக்கவோ முன்னால் இருக்கும் திருகு ஒன்றுதான் வழி. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் என்று பேர், ரிமோட் என்று தனி விலை, கம்ப்யூட்டருக்கு மட்டும் ரிமோட் கிடையாது! கடையில் ஏன் பென் டிரைவில் மட்டும் போட்டுக் காட்டினான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது "ரிமோட் வேலை செய்யுமா" என்று அல்ல, "ஆக்ஸில் வேலை செய்யுமா" என்று.

இதோடு விட்டிருந்தால்கூட சும்மா இருந்திருப்பேன். பாட்டை நிறுத்தினாலும் ஊஊ என்று ஒரு சத்தம். திருகைச் சுத்தமாகக் குறைத்தாலும் நிற்கவில்லை. சப்வூஃபரில் காதை வைத்துக் கேட்டேன், பாடகி குரல் அதிலிருந்து வருகிறது. சப்வூஃபரின் வேலை தடிப்பான அடி ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வது, குரல் சின்ன ஸ்பீக்கர்களில்தான் வர வேண்டும். இதில் எல்லாமும் எல்லாவற்றிலும் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. கடையில் போட்ட குத்துப்பாட்டில் இதெல்லாம் தெரியாது. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, கடைக்காரர் பாட்டில் கேட்காதீர்கள், உங்களுக்கு வரி வரியாகத் தெரிந்த ஒரு மெதுவான பாட்டைக் கொண்டுபோங்கள்.

"இன்னாம்மா இது, ஊஊன்னு அழுதுகினே கீது?" என்றார் அப்பா.

மறுநாள் ஆபீஸ் முடிந்து பெட்டியோடு போனேன். நேற்று "அக்கா" என்றவன் இன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஓனர் பேசினார். "ரிமோட்டு எஃப்.எம்.முக்கும் பென் டிரைவுக்கும் தாம்மா. கம்ப்யூட்டர்ல அதுலயே வால்யூம் கீதே, அப்புறம் இன்னா?" ஊஊ சத்தத்தைச் சொன்னேன். "உங்க வூட்டு கரண்ட்டு பிராப்ளம்." கடையிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். "சீல் பிரிச்சா ரிட்டர்ன் இல்லம்மா." சீல் பிரிக்காமல் எப்படிப் பாட்டு கேட்பது என்றதற்குப் பதில் இல்லை. கடைசியாக இன்னொரு 800 போட்டால் பெரிய மாடல் தருகிறேன் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் அதற்கும் ஒரு சீட் காசு வாங்கினார்கள்.

எங்கள் தெருவில் டி.வி. மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "தொறந்து பாத்துரலாமா தங்கச்சி?" என்றார். வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தோம். முதலில் சின்ன ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் மேலே பளபளவென்று ஒரு ட்வீட்டர், கீச்சு ஓசைக்கான குட்டி ஸ்பீக்கர், தெரியும். பின்னால் வயரே இல்லை, வெறும் பிளாஸ்டிக் மூடி. பிறகு சப்வூஃபர். டிரான்ஸ்பார்மர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அப்படியானால் கனம்? அண்ணன் டார்ச் அடித்தார். பெட்டியின் அடியில், பசை ஊற்றி ஒட்டி, ஒரு உடைந்த தரை டைல்ஸ் துண்டு. பச்சையும் வெள்ளையுமாகப் பூப்போட்டது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அளவு பார்த்து உடைத்து ஒட்டியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை, பின்பக்க ஸ்டிக்கரைக் காட்டினார். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 25 வாட்ஸ். "சொவத்துலேந்து இஸ்றதே 25 வாட்ஸு. அதுல எங்கேந்து 12,000 வரும்? ஐ.சி. 2030 தான் போட்டுருக்கான், நல்லா கரண்ட்டு குடுத்தா ஒண்ணு 14 வாட்ஸு வரிக்கும் குடுக்கும். இந்த டிரான்ஸ்பார்மர்ல மூணு ஐ.சி.யும் பட்டினி." ஊஊ சத்தத்துக்குக் காரணம், கரண்ட்டைச் சீராக்குகிற ஃபில்டர் கண்டன்சர் ரொம்பச் சின்னதாம்.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு எவ்வளவு வரலாம் என்று கம்பெனி தானாகப் போட்டுக்கொள்வது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., விடாமல் ஓடும்போது தருகிற வாட்ஸ். அதையும் நம்பாவிட்டால் இருக்கவே இருக்கிறது பின்பக்க ஸ்டிக்கர். தனி அடாப்டர் வைத்த மாடல் என்றால் அதில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பெருக்குங்கள், 24 வாட்ஸ். அதற்கு மேல் ஒரு வாட்ஸும் வராது. இது எட்டாம் கிளாஸ் கணக்கு, எனக்கும் தெரிந்த கணக்குதான். நெருப்புப் படத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், எம்.ஆர்.பி., மாதம், வருஷம், குறை சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும், சட்டம். எங்கள் ஆபீஸில் இந்த ஸ்டிக்கர் ஒட்டாததற்காகச் சரக்கு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இதில் ஒன்றுமே இல்லை. வாரண்டி கார்டில் 6 மாதம் என்று இருந்தது, யாரிடம் போவது என்று இல்லை.

1915-க்கு போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். பொறுமையாகத்தான் கேட்டார்கள். முதல் கேள்வியே பில். பணம் ஜிபேயில் போட்டிருந்தேனே என்று தேடினால், அது கடைப் பெயருக்குப் போகவில்லை, ஏதோ தனி ஆள் பெயருக்குப் போயிருக்கிறது. க்யூ.ஆர். ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். கடைப் பெயர் வரவில்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். இருந்ததை வைத்துப் புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். அது எங்கள் கடைப் பொருளே இல்லை என்று கடைக்காரர் பதில் சொல்லியிருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததும் முறையற்ற வணிகம்தான், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். திரும்ப எடுப்பதற்கு பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று இருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 1,950 ரூபாய்க்கு எத்தனை நாள் லீவு போடுவது என்பதுதான் வீட்டில் ஓடுகிற பஞ்சாயத்து. நான் போடுவதாகத்தான் இருக்கிறேன்.

இதற்கிடையில் அப்பா பாட்டு இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். முதல் கடையில் லேப்டாப்பை எடுத்ததுமே "மேடம், பென் டிரைவ்ல போட்டுக் காட்றேனே" என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வயரைச் செருகினார். ஆக்ஸில் ரிமோட் வேலை செய்தது. பாட்டை நிறுத்திவிட்டு வூஃபரில் காது வைத்தேன், கடையே என்னைப் பார்த்தது. சத்தமில்லை. ஷோ பீஸ் வேண்டாம், எனக்குத் தரப்போகிற பெட்டியைப் பிரித்து அதையே போடுங்கள் என்றேன். போட்டார். ஆர்.எம்.எஸ். 40 வாட்ஸ், எம்.டி.எஃப். பெட்டி, பில்லோடு 3,700 ரூபாய். பட்ஜெட் போனது போனதுதான்.

இப்போது விளம்பரம் வந்தால் அப்பாவே குறைத்துக்கொள்கிறார். நான் அடுப்படியில் இருக்கும்போது வேண்டுமென்றே கூட்டி வைப்பதும் உண்டு. பழைய செட் வீடியோ ஆதாரத்தோடு பரணில் இருக்கிறது, ஆணையத்துக்குத் தேவைப்படும். டைல்ஸ் துண்டு மட்டும் கீழே இருக்கிறது. அப்பா கட்டிலில் ஒரு கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு அண்டக் கொடுத்தோம், அளவு சரியாக இருந்தது. வழக்குக்கு வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.